குடுக்கறேன், ஏத்திக்கோ

கடலில் மிதக்கிற பிணத்திடம் நீங்கள் எப்போதாவது கேள்வி கேட்டிருக்கிறீர்களா?

சிரிக்க வேண்டாம். நான் இருக்கிற ஊரில் கேட்பார்கள். ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவு, அதன் கிழக்கு மூலையில் ஒரு சின்னத் துறைமுகம். மீன் கொட்டகையில் நண்டு உரிக்க வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். இங்கே மீன்காரர்கள் கடலில் பிணத்தைப் பார்த்தால் விட்டுவிட்டு வரக் கூடாது. படகின் இடது பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றும் முன் ஒருவர் பிணத்தைப் பார்த்துக் கேட்பார்: "மீன் குடுப்பியா? குடுத்தா ஏத்திக்கிறோம்." பிணம் பேசாது. அதனால் பக்கத்தில் நிற்கிற இன்னொருவர் பிணத்துக்காகப் பதில் சொல்வார்: "குடுக்கறேன், ஏத்திக்கோ." அதற்கப்புறம்தான் கை வைப்பார்கள்.

ஏற்றுவதாக இருந்தால் மட்டும் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு விட்டுப் போகக் கூடாது. அது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மீன்காரர் தொகுஜிக்கும் தெரியும்.

இது கட்டுக்கதை இல்லை. அவர் படகு இன்னும் எங்கள் துறைமுகத்தில்தான் கட்டிக் கிடக்கிறது. கோடையில்கூட அதன் இடது பக்கம் யாரும் சாய்ந்து நிற்பதில்லை. தொகுஜியும் இருக்கிறார். இதைச் சொல்லும்போது மட்டும் டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

தொகுஜிக்கு அப்போது அறுபதை ஒட்டின வயது. குளிர்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் வலை எடுப்பார். நடுவில் வருகிற நாட்களில் அதே மீன்படகில் வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு டால்பினும் கடல்பறவையும் காட்டப் போவார். மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டுகிற குளிரில் எவன் வருவான் என்று நினைப்பீர்கள். வருவார்கள். குளிர் கூடக் கூடத்தான் வடக்கே இருந்து பறவைகள் இறங்கும்.

பறவை காட்டுகிற வேலை மிசாவோவுடையது. தொகுஜியின் தம்பி மனைவி. அவளுக்குப் பருந்துக் கண். அலைக்கு நடுவே உள்ளங்கை அளவு பறவை தலை தூக்கினாலும் விரல் நீட்டிவிடுவாள். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

அவள் எதைத் தேடித் தேடி அந்தக் கண் அப்படிப் பழகியது என்று தொகுஜிக்குத் தெரியும்.

அவள் புருஷன் இசாமு டிசம்பர் தொடக்கத்தில் தனியாகக் கடலுக்குப் போனான். படகு கிடைத்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவனைக் காணோம். ஊரே தேடியது. பாறை ஓரமெல்லாம் ஆள் இறங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. வெறும் பெட்டியை வைத்துச் சடங்கு செய்துவிடலாம் என்று கோயில் சாமியார் சொன்னார். மிசாவோ ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு வரட்டும், அப்புறம் அழுகிறேன் என்றாள். அழவும் இல்லை. அன்றிலிருந்து தொகுஜியின் படகு எப்போது கிளம்பினாலும் அவள் அதில் இருப்பாள்.

ஒவ்வொரு தடவையும் விருந்தாளிகளுக்கு நண்டுச் சாறு காய்ச்சி எடுத்து வருவாள். முதல் அகப்பையைக் கடலில் ஊற்றுவாள். சூடாக இருக்கிறது, குடி என்று மெதுவாகச் சொல்வாள்.

தொகுஜி முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்டல் பண்ணுவார்.

"இந்தக் கடல் மீனுக்கெல்லாம் நாக்கு நீளமாப் போச்சும்மா. இனிமே தூண்டில்ல வெறும் புழு வச்சா ஒண்ணும் கடிக்காது."

"கடிக்காட்டிப் போகட்டும், பெரியத்தான். நீங்க புழுவையே சாப்பிடுங்க."

அவள் சிரிக்கிற மாதிரி இருப்பது அந்த ஒரு நிமிஷம்தான். அதற்காகவே அவர் ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வார்.

ஜனவரி கடைசி. அன்றைக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒசாக்காவிலிருந்து குவாதா என்று ஒரு கணவன் மனைவி. கணவர் வாயே திறக்கவில்லை. இரண்டு பேர் பேச்சையும் மனைவியே பேசினார். மூன்றாவது ஆள் நிஷிவாகி, பீரங்கி மாதிரி கேமரா வைத்திருந்தார். குவாதா அம்மா ஏறும்போதே, இவரை இங்கேயே குளிரில் வைத்துவிட்டுப் போனால் கெடாமல் இருப்பாரா என்று தொகுஜியிடம் கேட்டார். கெட மாட்டார், ஆனால் விற்றால் நண்டு விலைதான் கிடைக்கும் என்றார் தொகுஜி.

எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். மைனஸ் பதினேழு டிகிரி. அந்த மாதிரிக் குளிரில் எங்கள் கடல் புகையும். காற்றைவிடத் தண்ணீர் சூடு. அதனால் உலைப்பானை மாதிரி ஆவி எழும்பும். ஆள் உயரத்துக்கு வெள்ளையாக நிற்கும். வெயில் ஏறினால் கலைந்துவிடும்.

அன்றைக்குக் கலையவில்லை.

தீவுப் பாறையைத் தாண்டியதும் டால்பின்கள் வந்தன. எங்கள் பக்கத்து டால்பின் குட்டை. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. ஓடினால் தண்ணீரை விசிறி மாதிரி இரண்டு பக்கமும் பீய்ச்சிக்கொண்டு ஓடும். படகின் வலது பக்கம் ஏழெட்டு சேர்ந்துகொண்டன. எல்லாரும் வலது பக்கம் ஓடினார்கள். மிசாவோவும் அங்கேதான். புகைக்குள் எங்கேயோ நீள்வால் வாத்துகள் கத்திக்கொண்டிருந்தன. அந்தக் கத்தல் தூரத்தில் ஆள் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். புதிதாக வந்தவர்கள் பயப்படுவார்கள். தொகுஜிக்கு அது சேவல் கூவுகிற மாதிரி.

அவர் சுக்கான் அறையில் தனியாக இருந்தார். சும்மா இடது பக்கம் திரும்பினார்.

புகை ஒரு நொடி விலகியது.

மஞ்சளாக ஒன்று.

மீன்காரர்கள் போடுகிற ரப்பர் உடை. முதுகு மேலே தெரிந்தது. முகம் தண்ணீருக்குள். முதுகின் மேல் ஒரு கறுப்புப் பறவை உட்கார்ந்திருந்தது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், ரத்தச் சிவப்புக் கால். அந்த ஜாதிப் பறவை ஆளைக் கண்டால் முங்கிவிடும். அது முங்கவில்லை. தொகுஜியைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அந்த உடையை இசாமுவும் போட்டிருந்தான்.

எங்கள் ஊரில் எல்லாரும் அதே உடைதான் வாங்குகிறோம். ஆனால் அந்த நிமிஷம் தொகுஜிக்கு அது தோன்றவில்லை. தம்பி என்றே நினைத்தார். கடலுக்குள் இத்தனை நாள் கிடந்த முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதை மிசாவோ பார்க்கக் கூடாது. விருந்தாளிகளுக்கு முன்னால், இந்த மாதிரி, பார்க்கவே கூடாது. இடத்தை வழிகாட்டித் திரையில் குறித்துக்கொள்வோம். இவர்களைக் கரையில் விட்டுவிட்டு நாலு ஆளோடு வந்து எடுப்போம்.

அப்படித்தான் நினைத்தார், திரையில் புள்ளியும் வைத்தார். நல்ல நினைப்புதான்.

ஆனால் வாய் பழக்கப்பட்ட வாய். கூடப் பிறந்தவனைக் கண்ட வாய். அது தானாகக் கேட்டுவிட்டது.

"மீன் குடுப்பியா? குடுத்தா ஏத்திக்கிறோம்."

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தார். பரவாயில்லை, பதில் சொல்லத்தான் ஆள் இல்லையே, பதில் வராவிட்டால் பேச்சு முடியவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அப்போது அறைக்கு வெளியே, இடது பக்கத்திலிருந்து...

"குடுக்கறேன்... ஏத்திக்கோ."

ஆண் குரல். கட்டையான, தொண்டை கட்டின குரல். எங்கள் ஊர் இழுவை அதில் இருந்தது.

தொகுஜி கதவைத் தள்ளிப் பார்த்தார். இடது பக்கம் யாரும் இல்லை. வலது பக்கம் நாலு முதுகுகள் டால்பினைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர்களில் மிசாவோ ஒருத்திக்குத்தான் அந்த வாசகம் தெரியும். அது அவள் குரல் இல்லை.

அவர் விசையை முன்னால் தள்ளினார். படகு துறைமுகத்தைப் பார்த்து ஓடியது. குளிர் அதிகம், திரும்புகிறோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார். நிஷிவாகி முணுமுணுத்தார்.

கொஞ்ச தூரம் போனதும் படகு சாய ஆரம்பித்தது.

இடது பக்கமாக.

ஆட்கள் எல்லாம் வலது பக்கம் நிற்கிறார்கள். சாய்ந்தால் அந்தப் பக்கம் சாய வேண்டும். குளிரில் படகின் ஓரக் கம்பிகளில் பனி கட்டிக் கனம் ஏறும், அதுவாக இருக்கும் என்று தொகுஜி மிசாவோவைக் கூப்பிட்டுச் சுக்கானைப் பிடிக்கச் சொன்னார். மரச்சுத்தியை எடுத்துக்கொண்டு இடது பக்கம் போனார்.

வலது பக்கக் கம்பி முழுக்கப் பனி. விரல் தடிமனுக்கு.

இடது பக்கக் கம்பியில் பனியே இல்லை.

ஈரமாக இருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது... மைனஸ் பதினேழில். யாரோ இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குகிற இடம் மாதிரி, இரண்டு இடத்தில் மட்டும்.

டொக்... டொக்... என்று சொட்டியது.

அவர் சுத்தியை ஓங்கவே இல்லை. அப்படியே திரும்பி வந்தார். மிசாவோ அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன என்று கேட்டாள். பனிதான் என்றார். தட்டுகிற சத்தமே கேட்கவில்லையே என்றாள். அவர் சுக்கானை வாங்கிக்கொண்டார்.

அப்புறம்தான் கவனித்தார்கள். டால்பின்கள் இடது பக்கம் வந்திருந்தன. தண்ணீரைப் பீய்ச்சவில்லை. குதிக்கவில்லை. படகோடு சேர்ந்து மெதுவாக, சத்தமில்லாமல் வந்தன. தலையைத் தூக்கி எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்தன. கம்பியில் அந்த ஈரமான இடத்தை.

வாத்துகளின் கத்தல் நின்றிருந்தது.

எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

துறைமுகத்தின் சங்கு இந்நேரம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. காந்த ஊசி சரியாகத்தான் காட்டியது. தொகுஜி நேராகத்தான் ஓட்டினார். அதைச் சொல்லும்போது அவர் மேசையில் விரலால் நேர்கோடு போட்டுக் காட்டுவார்.

"கேப்டன் ஐயா," என்றார் குவாதா அம்மா. "இந்த மிதவையத்தான் படகு திரும்பும்போதே பாத்தேனே. அதே பறவை இன்னும் உக்காந்திருக்கு, பாருங்க."

இடது பக்கம். மஞ்சள் முதுகு. சிவப்புக் கால்.

முன்பைவிடப் பக்கத்தில்.

திரையில் பார்த்தார். அவர் குறித்து வைத்த புள்ளியின் மேலேயே படகு நின்றது.

நிஷிவாகி கேமராவைத் தூக்கினார். உற்றுப் பார்த்தார். பிறகு கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். குவாதா அம்மாவின் தோளைப் பிடித்து, உள்ளே போய் உட்காருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பேசாத கணவரும் பின்னால் போனார்.

தொகுஜி மறுபடி சுக்கானைத் திருப்பினார். விசையை முழுக்கத் தள்ளினார். எஞ்சின் கதறியது. புகை இன்னும் கெட்டியானது. முன்னால் பத்தடி தெரியவில்லை. இடது பக்கம் இன்னும் சாய்ந்தது. சாறு வைத்த பானை நகர்ந்து சுவரில் மோதியது.

எஞ்சின் நின்றது.

தானாக.

அமைதி.

அப்புறம் அந்தச் சத்தம்.

தொம்.

படகின் இடது பலகையில்... வெளியிலிருந்து.

தொம்.

அலை இல்லை. கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது.

தொம்.

மிசாவோ அசையாமல் நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பெரியத்தான். அவரா?"

தொகுஜி இடது பக்கம் பார்க்காமல் சுக்கானையே பிடித்துக்கொண்டு நின்றார்.

"முதல்லயே பாத்தீங்களா?"

ஆம் என்று தலையை ஆட்டினார்.

"கேட்டீங்களா?"

அதற்கும் ஆட்டினார்.

"பதில் வந்துச்சா?"

அவர் கண்ணில் தண்ணீர் வந்து இமையிலேயே உறைந்தது. வந்தது என்றார்.

அவள் திட்டவில்லை. தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். இடது பக்கம் போனாள். கொக்கிக் கம்பை எடுத்துக்கொண்டு அவரும் போனார். பறவை பறந்துபோயிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் அந்த முதுகு.

மிசாவோ கம்பை வாங்கி அதன் நுனியால் உடலை மெதுவாகத் திருப்பினாள்.

இசாமு இல்லை.

நரைத்த புருவம். வயசாளி. வாயை மூடிக் கட்டிய கழுத்துத் துணி அப்படியே பனியாக உறைந்திருந்தது. எந்த ஊர்க்காரரோ. யாரோ.

அவள் வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பிக்கு மேல் குனிந்தாள். முறைப்படி கேட்டாள். ஆனால் யாரும் கேட்காததைக் கேட்டாள்.

"எனக்கு மீன் வேண்டாம். என் வீட்டுக்காரரைக் குடுப்பியா? குடுத்தா ஏத்திக்கிறோம்."

அப்படிக் கேட்கக் கூடாது. மீனைத்தான் கேட்க வேண்டும். வேறு எதையும் கேட்டதாக எங்கள் ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இப்போது பிணத்துக்காகத் தொகுஜி பதில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பலகையில் மோதிய சத்தம் நின்றது.

டால்பின்கள் எல்லாம் ஒன்றாக முங்கின.

கம்பியில் சொட்டிய தண்ணீரும் நின்றது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது...

"குடுக்கறேன்..."

தண்ணீரிலிருந்து வரவில்லை.

பின்னாலிருந்து வந்தது.

படகுக்குள்ளிருந்து. இரண்டு பேருக்கும் நடுவில், தோளுக்குப் பக்கத்தில். ஈர மூச்சு தொகுஜியின் காதில் பட்டது. அது குளிராக இருந்தது.

"...ஏத்திக்கோ."

அவர் திரும்பவில்லை. மிசாவோவும் திரும்பவில்லை.

இரண்டு பேரும் குனிந்து ஏற்றினார்கள். தார்ப்பாயில் சுற்றினார்கள். மிசாவோ பானையில் மிச்சமிருந்த சாற்றில் ஒரு அகப்பை எடுத்துத் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் கிண்ணத்தில் வைத்தாள். தொகுஜி சாவியைத் திருகினார். எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது. படகு நிமிர்ந்தது. வாத்துகள் கத்தின. புகை கலைந்தது.

துறைமுகச் சுவர் நேர் எதிரே இருந்தது. கல்லெறி தூரத்தில்.

கரையில் போலீஸ் வந்தது. டாக்டர் வந்தார். குவாதா அம்மா தொகுஜியின் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே உட்கார்ந்திருந்தபோது கேட்டோம், உங்களோடு இன்னொருத்தர் பேசிக்கொண்டிருந்தாரே, அவர் எங்கே, அவருக்கு நன்றி சொல்லவில்லையே என்று கேட்டார். தொகுஜி கும்பிட்டு வழியனுப்பினார். அந்தப் பேசாத கணவர் மட்டும் போகும்போது திரும்பித் திரும்பிப் படகின் இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனார்.

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். செத்தவர் யாரென்று தெரியவில்லை என்றார். இலை உதிர்கிற காலத்திலேயே செத்திருக்க வேண்டும், பனி விழுகிறதற்கு முன்னால். தொகுஜி தயங்கித் தயங்கி, அந்த ஆளால் பேச முடிந்திருக்குமா என்று என்னமோ கேட்டு வைத்தார். டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். உறைந்த கழுத்துத் துணியை வெந்நீர் விட்டுத்தான் பிரித்தோம் என்றார்.

துணிக்குப் பின்னால் கீழ்த்தாடை இல்லை. நாக்கும் இல்லை. கடலில் கிடந்தால் அப்படித்தான் ஆகும் என்றார்.

மிசாவோவிடம் தொகுஜி இதைச் சொல்லவில்லை. அன்று இரவு அவள் வீட்டில் விளக்கு அணையவில்லை. இசாமுவின் உலர்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அடுத்த நாள் காலை தொகுஜி வலை எடுக்கப் போனார். மிசாவோ துணி மூட்டையோடு கூட வந்தாள். வலை கிடந்தது வேறு பக்கம், தெற்கே, டிசம்பரில் ஊரே இறங்கித் தேடின பாறைக்கு அருகில். உருளை சுற்றியது. வலை கனமாக வந்தது. இடது பக்கமாக ஏற்றினார்கள்.

இசாமு இருந்தான். மீன் ஒன்றுகூட இல்லை.